வேலூரில் வகுப்பு, கல்குடாவில் கப்பல்: மூழ்கிய கப்பல்களைச் சுற்றி முக்குளிக்கக் கற்றுத்தரும் ஒரு நிலையத்தைப் பற்றி

கடலே இல்லாத வேலூர் மாவட்டத்தில், மூழ்கிக் கிடக்கும் கப்பல்களைச் சுற்றிப் பாதுகாப்பாக முக்குளிக்கக் கற்றுத்தரும் ஸ்கூபா (முதுகில் சுமக்கும் சிலிண்டரிலிருந்து மூச்சிழுத்து முக்குளிக்கும் முறை) பயிற்சி நிலையம் ஒன்று இயங்குகிறது என்று சொன்னால் உள்ளூர்க்காரர்களே நம்புவதில்லை. காட்பாடிப் பக்கம் ஒரு மாடியறையில் வகுப்பு, வாடகைக்கு எடுத்த தனியார் நீச்சல் குளத்தில் தொடக்கப் பயிற்சி, ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவிலுள்ள புதுச்சேரியில் கடல் பயிற்சி, கடைசியாக இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்குடாவுக்கு அருகே உண்மையான கப்பல் என்று நான்கு கட்டங்களாக அது நடக்கிறது. சென்ற பருவத்தில் இதை முழுமையாக முடித்தேன். சேரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் சேரலாம் என்பதே. கப்பலுக்குள் நுழைவதைவிட எப்போது நுழையாமல் திரும்ப வேண்டும் என்பதை இவ்வளவு பொறுமையாகக் கற்பிக்கும் ஆசிரியரை வேறு எந்தத் துறையிலும் நான் கண்டதில்லை. ஆனால் சில குறைகளும் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டு பணம் கட்டுவது நல்லது.

முதலில் ஒரு தெளிவு. இது நேரடியாகக் கப்பலுக்கு அழைத்துச் செல்லும் வகுப்பன்று. ஸ்கூபாவில் முதல்நிலைச் சான்றிதழ் பெற்றவர் 18 மீட்டர் வரையிலும், அடுத்த நிலையை முடித்தவர் 30 மீட்டர் வரையிலும் இறங்கலாம் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் வழக்கம். பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்கு எந்த நிலையிலும் 40 மீட்டரே எல்லை. மூழ்கிய கப்பலுக்கான சிறப்புப் பயிற்சி அடுத்த நிலையின் பாடங்களைத் தொட்ட பிறகே வருகிறது. இந்த நிலையம் மூன்றையும் வரிசையாக நடத்துகிறது; இடையில் எந்தக் கட்டத்தையும் தாண்டிச் செல்ல அனுமதிப்பதில்லை. வேறிடத்தில் சான்றிதழ் வாங்கி வந்திருந்தாலும் குளத்தில் இறக்கிச் சோதித்துப் பார்த்த பிறகே சேர்த்துக்கொள்கிறார்கள்.

பணம் வாங்குவதற்கு முன்பே மருத்துவப் படிவத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு, இதய நோய், காதில் செய்த அறுவைச் சிகிச்சை என்று நீளும் கேள்விகளில் ஒன்றுக்கு ஆம் என்று எழுதினாலும் மருத்துவரின் கையொப்பம் இல்லாமல் தண்ணீரில் இறங்க முடியாது. மருத்துவத்துக்காக நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்து சேரும் ஊரில் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பார்ப்பது பெரிய வேலையன்று என்பதால், கேள்விகளுக்கு இல்லை என்று எழுதியவர்களையும் காதைப் பரிசோதித்துக்கொண்டு வரச் சொல்லுகிறார்கள். நடுக்காதின் அழுத்தத்தை முதல் மீட்டரிலிருந்தே சமன்செய்துகொண்டு இறங்காதவருக்குச் செவிப்பறை கிழியும் அபாயம் உண்டு; சளி பிடித்த நாளில் இறங்கக்கூடாது என்பதற்கும் அதுவே காரணம்.

குளத்துப் பயிற்சியில் எங்கள் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு பாடம் இருந்தது. வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் நீச்சல் கற்றவர்களில் பெரும்பாலோர் விவசாயக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுவையோ லாரி டியூபோ கட்டிக்கொண்டு கற்றவர்கள். கிணற்றின் அடிமண்ணை அள்ளி வந்து காட்டுவதே அங்கே தேர்ச்சிக்கு அடையாளம். அப்படிப் பழகியவர்களுக்கு மூச்சைப் பிடித்துக்கொள்வது இயல்பாகிவிடுகிறது. ஸ்கூபாவில் அந்த இயல்புதான் ஆளைக் கொல்லும். கிணற்றில் மேலே இழுத்த மூச்சு ஆழத்தில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்புகிறது. சிலிண்டரிலிருந்து ஆழத்தில் இழுக்கும் மூச்சோ, அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே நுரையீரலை நிறைக்கிறது. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுவதால், பத்து மீட்டர் ஆழத்தில் நிறைத்த காற்று மேற்பரப்பை எட்டும்போது இரு மடங்காக விரிய முயலும். வாயை மூடிக்கொண்டு மேலேறினால் நுரையீரல் கிழிந்துபோகும். இதற்குப் பெரிய ஆழம்கூடத் தேவையில்லை, ஒரு நீச்சல் குளத்தின் ஆழமே போதும். ஆகவே சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் சிறு குமிழிகளை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை, நினைக்காமலே உடல் செய்யும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்கள். எங்களில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்குத்தான் இது அதிக நாள் பிடித்தது.

அடுத்தது உதை. சாதாரணமாக மேலும் கீழும் உதைத்தால் காலில் மாட்டிய ஃபின் கிளப்பும் நீரோட்டம் கப்பலுக்குள் படிந்திருக்கும் வண்டலைக் கலக்கிவிடும். சில நொடிகளில் கைக்கு எட்டிய தூரம்கூடத் தெரியாமல் போகும். இதனால் தவளையைப் போல் பக்கவாட்டில் உதைக்கவும், பின்னோக்கி நகரவும், நின்ற இடத்திலேயே திரும்பவும் பழக்குகிறார்கள். பிவிசி குழாய்களால் செய்த சட்டகத்துக்குள் எதிலும் உரசாமல் நுழைந்து வெளிவருவது தேர்வு. குறையும் இங்கேதான் தொடங்குகிறது. அந்தக் குளத்தின் ஆழமான பகுதியே ஓர் ஆள் உயரத்தைச் சற்றே தாண்டும். மூழ்காமலும் மேலெழாமலும் ஒரே ஆழத்தில் நிற்கும் மிதவைக் கட்டுப்பாட்டை அந்த ஆழத்தில் ஓரளவுக்குத்தான் கற்க முடியும் என்பதால், புதுச்சேரிக்குப் போன முதல் நாள் முழுவதும் குளத்தில் கற்றதைச் சரிசெய்வதிலேயே கழிந்தது. நிலையம் இன்னும் ஆழமான குளம் ஒன்றைத் தேட வேண்டும்.

இந்தப் பயிற்சியின் உயிர்நாடி அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்து மாந்தோப்பு ஒன்றில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நடந்தது. கப்பலுக்குள் போகிறவர் ரீலிலிருந்து நூலை விட்டுக்கொண்டே போக வேண்டும். வெளிச்சம் போனாலும், வண்டல் கிளம்பினாலும், அந்த நூலைப் பிடித்துத்தான் வெளியே வர வேண்டும். நூலைக் கட்டுவதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதல் கட்டு கப்பலுக்கு வெளியே, நேராக மேற்பரப்புக்குப் போகக்கூடிய திறந்த இடத்தில் இருக்க வேண்டும். இரண்டாம் கட்டு வாசலைக் கடந்ததும் உள்ளே. பிறகு திசை மாறும் இடமெல்லாம் ஒரு சுற்று. நூல் எங்கும் தளரக்கூடாது, நடுவழியில் தொங்கக்கூடாது, ஒரே சுவரை ஒட்டித் தாழ்வாகப் போக வேண்டும். ஆள் நுழைய முடியாத இடுக்கில் நூல் விழுந்துவிட்டால், நூல் கையில் இருந்தும் வழி இல்லாமல் போகும்.

இதையெல்லாம் மாமரங்களுக்கு இடையே கட்டிப் பழகினோம். பின்னர் முகமூடிக்குள் கறுப்புத் துணி வைத்து, கண் தெரியாத நிலையில் நூலைத் தொட்டுக்கொண்டே வெளியே வரச் சொன்னார் பயிற்சியாளர். அவர் கடற்படையில் முக்குளிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு ஒருவரைப் படைக்கு அனுப்பும் ஊர்கள் கொண்ட இந்த மாவட்டத்தில் அப்படி ஒருவர் கிடைத்தது வியப்பன்று. கண்கட்டி நடக்கும்போது அவர் ஓசையில்லாமல் வந்து எங்கள் சிலிண்டரை ஏதேனும் ஒரு கிளையில் மாட்டிவிடுவார், அல்லது முன்னால் போகிறவரை நிறுத்திவிடுவார். தோளைத் தொட்டு ஒரு முறை அழுத்தினால் நில், முன்னே தள்ளினால் போ என்று தொடுகையாலேயே பேசிக்கொள்ள வேண்டும். ஆம்பூரிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர், "சார், நூல் அறுந்துபோனா என்ன பண்றது?" என்று கேட்டார். "நின்ன இடத்துலயே நில்லு தம்பி. மூச்சை நிதானமாக்கு. மாத்து ரீலை எடுத்து, பக்கத்துல உறுதியா எது இருக்கோ அதுல கட்டு. அப்புறம்தான் தேடணும். தேடிட்டு அப்புறம் கட்டலாம்னு நினைக்கிறவன் திரும்பி வரமாட்டான்" என்றார் அவர். அந்தத் தோப்பில் செலவிட்ட காலை வேளைகளுக்காகவே முழுக் கட்டணத்தையும் தரலாம் என்பது என் கருத்து.

காற்றுக் கணக்கையும் அதே அக்கறையோடு கற்பித்தார்கள். கூரைக்கு அடியில் போகிறவர் காற்றை மூன்றாகப் பகுக்க வேண்டும்: ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு யாரும் தொடாமல் வைப்பதற்கு. கடைசிப் பங்கு நமக்கு மட்டும் உரியதன்று. மிகத் தொலைவான இடத்தில் கூட வந்தவரின் காற்று முழுவதும் போய்விட்டால் இருவரும் ஒரே சிலிண்டரில் வெளியேற வேண்டிய காற்று அது. வழக்கமான 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) அழுத்தத்தில் சுமார் 2,200 லிட்டர் காற்று இருக்கும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சிழுப்பவருக்கு, 3.4 வளிமண்டல அழுத்தம் உள்ள 24 மீட்டர் ஆழத்தில் 68 லிட்டர் செலவாகும். சிலிண்டர் முழுவதுமே 32 நிமிடம்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு பத்து நிமிடத்தைச் சற்றே தாண்டும். அச்சம் வந்தால் மூச்சின் வேகம் கூடி இந்தக் கணக்கும் பாதியாகிவிடும். ஆகவே சிலிண்டரின் அழுத்த அளவி 135 பார் காட்டும் நேரத்தில், எந்த அழகான காட்சி எதிரில் இருந்தாலும், இருவரில் யாருடைய அளவி முதலில் அதைக் காட்டினாலும், இருவரும் திரும்பிவிட வேண்டும். இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் தம் சொந்த மூச்சளவை வைத்துத் தாளில் போட்டுக் காட்டிய பிறகே புதுச்சேரிக்கு அழைத்துச் சென்றார்கள்.

புதுச்சேரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடலில் தெளிவு குறைந்த நாள்களும் வந்தன. அந்த நாள்களில் நூல் பயிற்சிக்கு அது ஏற்றதாகவே இருந்தது. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாத வேகத்தில் மேலேறுவதும், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதும், நாம் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் குறியீட்டு மிதவையை அடியிலிருந்தே மேலே அனுப்புவதும் அங்கே கைவந்தன. பயணத் தேதிகளைக் கடைசி நேரத்தில் மாற்றுவது மட்டும் எரிச்சல் தந்தது. தோல் தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ ஷிப்ட் முறையில் வேலை பார்ப்பவர்கள் விடுப்பை இரண்டு முறை மாற்ற முடியாது. கடல் சரியில்லாமல் தள்ளிவைப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை; வாகனம் கிடைக்கவில்லை என்று தள்ளிவைப்பதை ஏற்க முடியாது.

இறுதிக் கட்டம் கல்குடா. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியக் கடற்படை விமானங்கள் திருகோணமலையையும் அதைச் சுற்றியுள்ள கடலையும் தாக்கியபோது மூழ்கிய 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' என்னும் எண்ணெய்க் கப்பல் அங்கே 20 முதல் 25 மீட்டர் ஆழத்தில் உடைந்து கிடக்கிறது. அதே ஏப்ரலில் சென்னையில் குண்டு விழும் என்ற அச்சத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாக உள்நாட்டுக்குக் கிளம்பினார்கள். அப்படி வேலூருக்கு வந்து தங்கியவர்களின் கதை எங்கள் தெருப் பெரியவர்களிடமும் உண்டு. அந்த நாளில் மூழ்கிய கப்பலைக் கையெட்டும் தூரத்தில் பார்ப்பது எனக்கு வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை.

முதல் முறை இறங்கியபோது உள்ளே போவது பற்றிய பேச்சே இல்லை. கப்பலைச் சுற்றி வந்து, எங்கே கூரான இரும்பு நீட்டிக்கொண்டிருக்கிறது, எங்கே அறுந்த மீன்வலை சுற்றியிருக்கிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, வெளிச்சம் எந்த வாசலில் மறுபுறம் வரை தெரிகிறது என்று பலகையில் வரைய வேண்டும். அடுத்த முறை வெளிப்புறத்திலேயே நூல் கட்டினோம். வலையும் தூண்டில் நரம்பும்தான் மூழ்கிய கப்பலில் பெரும் ஆபத்து. நைலான் நரம்பு தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. அதனால் ஒவ்வொருவரிடமும் இரண்டு வெட்டும் கருவிகள், இரு கைகளில் எதற்கும் எட்டும்படி வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும். நாம் விடும் குமிழிகளும் ஆபத்துதான்: அவை கூரையில் மோதித் துருச் செதில்களை உதிர்ப்பதால், உதையே போடாமல் மிதந்தாலும் உள்ளே நீர் கலங்கும். வெளிச்சம் தெரியும் எல்லைக்குள் மட்டுமே நுழைவு. ஆழத்தையும் உள்ளே போகும் தூரத்தையும் சேர்த்து 40 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பதால், 24 மீட்டரில் கிடக்கும் கப்பலுக்குள் 16 மீட்டருக்கு மேல் போக இடமில்லை. நாங்கள் போனது அதைவிடவும் குறைவு. அது சரியான முடிவு.

அந்தக் கடலில் எல்லோரும் பார்க்க விரும்பும் கப்பல் வேறு. விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய முதல் போர்க்கப்பலான 'ஹெர்மிஸ்', அதே நாளில் மூழ்கடிக்கப்பட்டு மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. அதில் 307 பேர் உயிரிழந்தார்கள். எங்கள் குழுவில் சிலர் கூடுதல் பணம் தருவதாகச் சொல்லியும் பயிற்சியாளர் அசையவில்லை. 30 மீட்டரைத் தாண்டினாலே நைட்ரஜன் மயக்கம் முடிவெடுக்கும் திறனை மழுங்கச் செய்கிறது. 50 மீட்டருக்கு மேல் சென்றால் நேராக மேலே வர முடியாது. படிப்படியாக நின்று, ஆழத்தின் அழுத்தத்தில் உடலில் கரைந்த நைட்ரஜனை வெளியேற்றிக்கொண்டே வர வேண்டும். அதற்கு வேறு வாயுக் கலவையும், வேறு சிலிண்டர்களும், நீண்ட காலத் தொழில்நுட்பப் பயிற்சியும் தேவை. அதற்கும் மேலாக, அது மாண்டவர்களின் கல்லறை என்றார். எந்தக் கப்பலிலிருந்தும் ஒரு திருகாணியைக்கூட எடுக்கக்கூடாது என்ற விதியைப் படகில் ஏறும்போதெல்லாம் நினைவூட்டினார். வருகிற பணத்தை மறுக்கும் நிலையம் அரிது. இந்தச் சேவையின் மீது எனக்கு நம்பிக்கை உறுதியானது அன்றுதான்.

ஒரு நாள் மாற்று டார்ச்சுகளில் இரண்டு சரியாக மின்னேற்றம் ஆகாமல் வந்திருந்தன. உள்ளே நுழைபவரிடம் ஒரு முதன்மை விளக்கும் இரண்டு மாற்று விளக்குகளும் இருக்க வேண்டும் என்பது அவர்களே வகுத்த விதி. நடுக்கடலில், படகின் செலவெல்லாம் ஆன பிறகு, உள்நுழைவை ரத்துசெய்து வெளிப்புறத்தை மட்டும் பார்த்துவிட்டு மேலேறச் சொன்னார் பயிற்சியாளர். இன்னொரு நாள் அங்கத்துப் படகோட்டி ஐயா நங்கூரக் கயிறு விறைத்து நிற்பதைப் பார்த்து, "நீரோட்டம் கூடிப்போச்சு தம்பி, இப்ப இறங்க வேணாம்" என்றதும் மறுபேச்சின்றிக் கரை திரும்பினோம். திரும்பிய முடிவு இரண்டு முறையும் சரியே. ஆனால் டார்ச்சுகளை முந்தைய இரவே சோதித்திருந்தால் முதல் நாளின் ஏமாற்றத்தைத் தவிர்த்திருக்கலாம். பெருந்தொகை வாங்கும் நிலையம் விளக்குகளைப் புதுப்பிக்க வேண்டும்.

மற்றொரு குறை பாடநூல். அனைத்தும் ஆங்கிலத்தில். பயிற்சியாளர் தமிழில் தெளிவாக விளக்குகிறார்; ஆனால் வீட்டில் அமர்ந்து திரும்பப் படிக்க ஒரு தமிழ்ப் பக்கம்கூடக் கிடையாது. குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு பெண், தானே நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் தமிழில் எழுதி, மற்றவர்களுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். அவருடைய குறிப்புகளை நிலையமே அச்சிட்டால் நல்லது. பெண்களுக்கான வெட்சூட் அளவுகள் போதவில்லை என்றும் அவர் சொன்னார். தளர்வான உடைக்குள் தண்ணீர் புகுந்து நடுங்குபவருக்குக் காற்றும் விரைவாகத் தீரும் என்பதால் இதைச் சிறிய குறையாகக் கருத முடியாது. கட்டணத்தில் சிலிண்டர், படகு, தங்குமிடம் அடங்கும். விமானச் சீட்டு, விசா, முக்குளிப்புக் காப்பீடு அடங்காது. அவசரத் திட்டத்தை, படகிலுள்ள ஆக்சிஜன் முதல், அழுத்த மாற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கான உயரழுத்தச் சிகிச்சை அறைக்கு யார் எப்படி அழைத்துச் செல்வது என்பது வரை, எழுத்தில் தந்தார்கள். எந்த நிலையத்தில் சேர்ந்தாலும் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தராதவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

திரும்பும் பயணத்தையும் பயிற்சியின் பகுதியாகவே நடத்தினார்கள். பல முறை இறங்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. நிலையம் முழுதாக ஒரு நாள் விட்டது. நம் பக்கத்தவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 600 மீட்டருக்கு மேற்பட்ட இடத்துக்குச் சாலை வழியே ஏறுவதும் விமானத்தில் பறப்பதற்கு நிகரானதே. புதுச்சேரியில் காலையில் முக்குளித்துவிட்டு, மாலையில் குடும்பத்தோடு ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள ஏலகிரிக்கோ, ஜவ்வாது மலைக்கோ போவது உடலில் தங்கிய நைட்ரஜனைக் குமிழிகளாக்கிவிடலாம். வேலூர் நகரம் தாழ்வான உயரத்தில் இருப்பதால் வீட்டுக்குத் திரும்புவதில் இந்தச் சிக்கல் இல்லை.

கிழக்கிலங்கைக் கடல் அமைதியாக இருப்பது பெரும்பாலும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. அந்தப் பருவத்துக்குத் தயாராக விரும்புபவர்கள் காதுப் பரிசோதனையையும் மருத்துவப் படிவத்தையும் பொங்கலுக்குள் முடித்து, பிப்ரவரியில் குளத்துப் பயிற்சியைத் தொடங்கினால், வெயில் உச்சத்துக்கு வருமுன் மாந்தோப்புப் பயிற்சி முடிந்துவிடும். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் அதற்கும் அப்போதே விண்ணப்பிக்க வேண்டும்.